சம்மதம் கேட்கும் நாள் எது?

நிக்காஹ் நடக்கும் மண்டபத்தில் ஒரு சிறு ஊர்வலம் உண்டு. மேடையில் மாப்பிள்ளை மாலையோடு உட்கார்ந்திருப்பார். ஹஜ்ரத் பதிவுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பார். பெண்ணின் அத்தாவோ மாமாவோ வக்கீலாகி, அதாவது பெண்ணின் பிரதிநிதியாகி, இரண்டு சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு, பெண் இருக்கும் அறைக்குப் போவார். இன்னார் மகன் இன்னாருக்கு, இவ்வளவு மஹருக்கு, உன்னை மணமுடித்துக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்பார். பெண்ணைச் சுற்றிப் பெரியம்மாக்களும் மாமிகளும் நெருக்கியடித்து நிற்பார்கள். முக்காடு அசையும், அல்லது அசைந்ததாகச் சொல்லப்படும். கையெழுத்தை வாங்கிக்கொண்டு மூவரும் திரும்புவார்கள். இதற்குள் பின்கட்டில் பிரியாணி தம்மில் ஏறியிருக்கும்.

இஸ்லாமியச் சட்டப்படி மொத்தத் திருமணமும் அந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது. சடங்கு அல்ல, ஒப்பந்தம். ஒரு தரப்பு கேட்க, மறுதரப்பு ஏற்க வேண்டும். ஆனால் கேள்வி போய்ச்சேரும் நேரத்தைப் பாருங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, பத்திரிகை பங்கிட்டாயிற்று, ஆம்பூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்து இறங்கியாயிற்று. அந்த நேரத்தில் ‘இல்லை’ என்று சொல்வதற்கு ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! முஸ்லிம்களின் பெண் பார்க்கும் முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் காதல் கூடுமா கூடாதா என்றே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: பெண்ணை எப்போது கேட்கிறார்கள்?

இதைப் பார்க்கக் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் உள்ள மாரிகுப்பத்தை எடுத்துக்கொள்வோம். 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, சுரங்கத்துக்காகப் போட்ட கிளைப்பாதையின் கடைசி நிலையம் அது. ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் சுரங்கத்தைக் கையில் எடுத்த பிறகு வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் ஆள் திரண்டது. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதி தமிழ் தலித் மக்கள். அவர்களோடும் அவர்களைச் சார்ந்த கடைத்தெருவோடும் முஸ்லிம்களும் வந்து சேர்ந்தார்கள். வீட்டில் தமிழ் பேசும் லெப்பைகள் ஒரு பக்கம், தக்னி உருது பேசுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரு சாராரும் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபை, அதாவது ஹனஃபி சட்டப் பள்ளியைச் சேர்ந்தவர்கள். ஒரே பள்ளிவாசலில் தோள் சேர்த்துத் தொழுகிறவர்கள். சம்பந்தம் என்று வந்தால் மட்டும் ‘அவங்க உருதுக்காரங்க’, ‘இவங்க தமிழ்க்காரங்க’ என்று கோடு விழும். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து லெப்பைக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக உருதுப் பள்ளியில் படித்தவை என்பதும் அந்தக் கோட்டை அழித்துவிடவில்லை. மார்க்கத்தில் இல்லாத இந்த நிபந்தனை, ‘மார்க்கப்பற்றுள்ள மணமகன் தேவை’ என்ற விளம்பரத்திலேயே அடுத்த வரியாக வரும்.

சம்பந்தம் ரயில் தடத்தையே பிடித்துக்கொண்டு போயிற்று. பங்காருப்பேட்டையில் மாறினால் ஒரு பக்கம் குப்பம், ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், மறுபக்கம் பெங்களூரு. பெண் எடுப்பதும் கொடுப்பதும் பெரும்பாலும் இந்தத் தடத்துக்குள்தான். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டபோது சம்பந்தத் தராசு ஒரேயடியாகச் சாய்ந்தது. மத்திய அரசு நிறுவனத்து வேலை என்ற பெயர் போயிற்று. இன்று தங்கவயலின் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயிலேறி, நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். பெண்களும்தான். மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிக்கும் பெண்வீட்டார் அவர் எந்த ரயிலுக்குப் போகிறார், எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார் என்பதையும் சேர்த்து விசாரிக்க வேண்டியிருக்கிறது.

விசாரணை என்பது இங்கே வெறும் வம்பளப்பு அல்ல, வேலை. வெளியூர் மாப்பிள்ளை என்றால் அவருடைய ஊர் ஜமாஅத்திலிருந்து கடிதம் வர வேண்டும்: இவர் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்தவர், இந்த நிக்காஹுக்கு எங்களுக்குத் தடை இல்லை என்று. ஏற்கெனவே மனைவி இருப்பதை மறைத்து வருகிறவனையும், வளைகுடாவில் இல்லாத வேலையைச் சொல்லி வருகிறவனையும் தடுக்க அந்தத் துண்டுக் காகிதத்தைப் போல வேறெதுவும் உதவுவதில்லை. பெற்றோர் பார்த்து முடிக்கும் கல்யாணத்தை எள்ளி நகையாடுகிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. நகரத்துச் செயலியில் தனியாக ஒருவனை நம்பிப் போகும் பெண்ணுக்கு அந்தக் கடிதம் கிடைப்பதில்லை.

ஆனால் இவ்வளவு விசாரணையிலும் இரண்டு பேர் ஒருவரையொருவர் விசாரிக்க மட்டும் இடமில்லாமல் போகிறது. முதலில் பயோடேட்டா வாட்ஸ்அப்பில் வரும். பையனின் அம்மாவும் அக்காவும் வந்து பெண்ணைப் பார்ப்பார்கள்; நடக்கச் சொல்வது, பேச வைத்துப் பார்ப்பது, முடியைத் தொட்டுப் பார்ப்பது எல்லாம் நடக்கும். பிடித்துவிட்டால் பையன் ஒருமுறை வந்து, தேநீர் குடிக்கும் நேரத்துக்குப் பெண்ணைப் பார்ப்பான். பல வீடுகளில் அதுவும் இல்லை; போட்டோவோடு சரி. ‘நம்ம வீட்டுப் பழக்கம் இதுதான், மார்க்கமும் இதைத்தான் சொல்லுது’ என்பார்கள். பழக்கம் என்பது உண்மை. மார்க்கம் அப்படிச் சொல்கிறதா?

நபித்தோழர் முகீரா இப்னு ஷுஃபா ஒரு பெண்ணை மணம் பேசினார். பெண்ணைப் பார்த்தாயா என்று நபிகளார் கேட்டார். இல்லை என்றதும் போய்ப் பார், உங்களுக்குள் இணக்கம் நிலைக்க அது உதவும் என்றார். முகீரா பெண்வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது தாய் தகப்பனுக்கு அது பிடிக்கவில்லை. திரைக்கு உள்ளேயிருந்த பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். நபி சொல்லியிருந்தால் தாராளமாகப் பார்த்துக்கொள் என்று அவளே குரல் கொடுத்தாள். இப்னு மாஜாவின் தொகுப்பில் உள்ள சம்பவம் இது. பதினான்கு நூற்றாண்டுக்கு முந்தைய மதீனாவிலும் பெற்றோர் முகம் சுளித்திருக்கிறார்கள். பெண் அவர்களை முந்திக்கொண்டு பேசியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை பயானில் முகீராவைச் சொல்லும் ஆலிம்கள் உள்ளேயிருந்து பேசிய அந்தப் பெண்ணையும் சேர்த்துச் சொல்லலாம்.

கன்னிப் பெண்ணின் மௌனமே சம்மதம் என்ற நபிமொழி எல்லோருக்கும் மனப்பாடம். அது எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்பது அவ்வளவாக நினைவில் இருப்பதில்லை. பெண்ணிடம் அனுமதி கேட்டே தீர வேண்டும் என்று சொன்ன பிறகு, அவள் வெட்கப்படுவாளே என்று கேட்டதற்குச் சொன்ன விடை அது. கேட்கும் கடமையை அது தள்ளுபடி செய்யவில்லை. கன்ஸா பின்த் கிதாம் என்ற பெண்ணைத் தகப்பன் அவள் விருப்பமின்றிக் கட்டிக்கொடுத்தபோது நபிகளார் அந்தத் திருமணத்தையே ரத்து செய்ததாக புகாரி தொகுப்பு சொல்கிறது. இன்னொரு பெண்ணின் கதை இன்னும் கூர்மையானது. தன் அந்தஸ்தை உயர்த்திக்கொள்ளத் தகப்பன் என்னைத் தன் சகோதரன் மகனுக்குக் கட்டிவைத்துவிட்டார் என்று அவள் முறையிட்டாள். முடிவு உன் கையில் என்றார் நபிகளார். நான் இந்தத் திருமணத்தை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் இதில் தகப்பன்களுக்கு அதிகாரமில்லை என்பதைப் பெண்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் வந்தேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். தன்னுடைய பிரச்சினைக்காக அல்ல, மற்றவர்களுக்காக வழக்காட வந்தவள்.

பரீராவின் கதையையும் சொல்லாமல் விட முடியாது. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற அவருக்கு, அடிமைக் கணவன் முகீஸோடு வாழ்வதா பிரிவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தது. பிரிந்தார். முகீஸ் தாடி நனைய அழுதுகொண்டு மதீனாத் தெருக்களில் அவர் பின்னால் அலைந்தார். பார்க்கச் சகிக்காமல் நபிகளாரே பரீராவிடம் பேசினார். இது கட்டளையா என்று கேட்டார் பரீரா. இல்லை, சிபாரிசு மட்டும்தான். அப்படியானால் எனக்கு அவர் வேண்டாம் என்றார். நபியின் சிபாரிசையே ஒரு பெண் மறுக்க முடிந்த மரபில், பெரியத்தாவின் சிபாரிசு எப்படிக் கட்டளையானது?

காதல் என்ற சொல்லைக் கேட்டால் மிரள்வதும் தமிழ் முஸ்லிம் மரபுக்குப் பழையது அல்ல. கணவனை இழந்த வணிகரான கதீஜா, தோழி நஃபீஸாவைத் தூதனுப்பித் தாமே மணம் பேசியதுதான் நபிகளாரின் முதல் திருமணம். பதினேழாம் நூற்றாண்டு உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தில் கதீஜா கண்ட கனவுக்கு ஒரு படலம் கொடுத்தார். மணம்புரி படலத்தில் மக்கத்துக் கல்யாணத்தைத் தமிழ்க் கல்யாணமாகவே நடத்தினார். 1938இல் நாகூரிலிருந்து சித்தி ஜுனைதா பேகம் எழுதிய நாவலின் பெயரே ‘காதலா? கடமையா?’. உ.வே.சாமிநாதையர் அதைப் பாராட்டினார். ஒரு முஸ்லிம் பெண் தன் பெயரிலேயே நாவல் எழுதியதற்கு எதிர்ப்பும் எழுந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் நிலைமை எங்கே இருந்தது என்பதைத் துவரங்குறிச்சிக் கவிஞர் சல்மாவின் வாழ்க்கை காட்டியது. பருவமெய்தியதும் பள்ளிக்கூடம் நின்றது. கல்யாணத்துக்குத் தலையாட்டும்வரை ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருந்தார். அவரும் கடைசியில் சம்மதம் சொன்னவர்தான். 2004இல் வந்த ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ அந்தச் சம்மதங்கள் எப்படி வாங்கப்படுகின்றன என்பதை ஒரு தெரு முழுவதையும் வைத்துச் சொன்னது.

சட்டப் பள்ளிகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் ஷாஃபி முஸ்லிம்களுக்கு வலீ, அதாவது பெண்ணின் தகப்பன் வழிப் பொறுப்பாளர், இல்லாமல் நிக்காஹ் செல்லாது. ஹனஃபி மத்ஹபிலோ புத்தியுள்ள, வயது வந்த பெண் தன் நிக்காஹைத் தானே செய்துகொள்ளலாம். பொருத்தமில்லாத இடம், குறைந்த மஹர் என்றால் மட்டும் வலீ ஆட்சேபிக்கலாம். தங்கவயல் முஸ்லிம்களுக்குப் பொருந்துவது இரண்டாவது சட்டம். ஆனால் நடைமுறையில் ஹனஃபி ஊரில் ஷாஃபியை விடக் கெடுபிடி. வேடிக்கை என்னவென்றால், வலீ கட்டாயமான காயல்பட்டினத்தில்தான் மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்கிறார். கல்யாணத்துக்கு மறுநாள் பெண் தன் அம்மாவோடு தன் சொந்த வாசலில் நிற்கிறாள். இல்லை என்று சொல்ல முடிவதற்கு ஃபிக்ஹ் நூலை விடப் பட்டா அதிகம் உதவும்போலிருக்கிறது.

பணம் பேசாமல் இந்த விஷயம் முடியாது. மஹர் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது, அவளுடைய சொத்து. ஹனஃபிகளிடம் அதன் கீழ்வரம்பு பத்து திர்ஹம், சுமார் 30 கிராம் வெள்ளி. நபிகளாரின் மகள் ஃபாத்திமாவின் பெயரால் வழங்கும் மஹர் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வெள்ளி. 1961இன் வரதட்சணைத் தடைச் சட்டமும் மஹரை வரதட்சணைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் பதிவுப் புத்தகத்தில் மஹர் சில ஆயிரமாக இருக்க, எழுதப்படாத கணக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. தமிழ்க்காரர் அதைக் கைக்கூலி என்பார், உருதுக்காரர் ஜோடே கி ரகம் என்பார். மொழிக்கோடு இங்கே மட்டும் அழிந்துவிடும். பணம், பைக், பவுன். சுரங்கம் மூடும் தறுவாயில் ஒரு டன் பாறையைப் பொடித்தால் சுமார் 3 கிராம் தங்கம்தான் தேறியது. பெண்ணுக்கு ஐம்பது பவுன் என்றால் 400 கிராம். நூற்று முப்பது டன்னுக்கு மேல் பாறை. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை உடைத்தவர்களின் ஊரில் இந்தக் கணக்கு யாருக்கும் புரியாமல் இருக்காது.

2004இல் தொடங்கிய தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத்தைப் பற்றி ஆயிரம் விமர்சனம் சொல்லலாம். ஆனால் வரதட்சணை வாங்கும் கல்யாணத்துக்குப் போகமாட்டோம், விருந்து உண்ணமாட்டோம் என்று அது எடுத்த நிலை, மற்ற ஜமாஅத்துகளைக் கூச வைத்தது. கர்நாடகத்தில் 2013இல் சித்தராமையா அரசு கொண்டுவந்த ‘பிதாயி’ திட்டம் ஏழைச் சிறுபான்மைப் பெண்களின் திருமணத்துக்கு 50,000 ரூபாய் கொடுத்தது. பசித்த வீட்டுக்கு உதவிதான், மறுப்பதற்கில்லை. கல்யாணச் செலவு பெண்வீட்டாருடையது என்று அரசே முத்திரை குத்தியதும் அதில் அடக்கம்.

கைக்கூலிக்கும் சம்மதத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பேரம் படிந்த பிறகு கேட்கும் கேள்வி, கேள்வியாக இருப்பதில்லை. முன்பணத்தோடு சேர்ந்து அதுவும் கட்டப்பட்டுவிடுகிறது.

இளைஞர்கள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. பெங்களூரு ரயிலில் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் போகிறவர்கள், ஒரே நிறுவனத்தில் வேலை செய்கிறவர்கள், தாங்களே பேசி முடிவெடுத்துவிட்டு, வீட்டில் ‘ஒரு இடம் வந்திருக்கு’ என்று வேறொருவர் மூலம் சொல்ல வைக்கிறார்கள். பெற்றோர் பார்த்த கல்யாணம் என்ற பெயரில் நடக்கும் காதல் கல்யாணங்கள் எத்தனையோ. உலக அளவிலும் இதே தேடல்தான். லண்டனில் ஷஹ்ஸாத் யூனுஸ் 2015இல் தொடங்கிய செயலி, மேட்ச் நிறுவனத்தோடு பெயர் வழக்கில் தோற்று இன்று ‘மஸ்’ என்ற பெயரில் ஓடுகிறது. அதில் ஒரு வசதி உண்டு: பெண் விரும்பினால் தன் அண்ணனையோ அத்தாவையோ உரையாடலுக்குள் சேர்த்து, எல்லாவற்றையும் படிக்கவிடலாம். வலீயை வெளியே தள்ளாமல், கேள்வி கேட்கும் இடத்தில் பெண்ணையும் பார்த்துக்கொள்ளும் இடத்தில் அண்ணனையும் அது உட்கார வைத்திருக்கிறது. ஊர் ஜமாஅத்துகள் சைத்தானின் கருவி என்று ஏசும் செல்பேசி, முகீரா ஹதீஸுக்கு அவர்களை விட நெருக்கமாக நடந்துகொள்கிறது.

நிச்சயம் முடிந்த பிறகு பேசலாமா என்பது அடுத்த வழக்கு. நிக்காஹ் ஆகும்வரை இருவரும் அந்நியர்தான், தனிமையில் இருக்கக் கூடாது என்பார்கள் ஆலிம்கள். ஆனால் நிச்சயத்தன்றே பையன் வீட்டில் செல்பேசி வாங்கிக் கொடுப்பதும் நடக்கிறது. சில குடும்பங்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன: முதலில் எளிமையாகப் பள்ளிவாசலில் நிக்காஹ், பெண்ணை அனுப்பிவைக்கும் ருக்ஸதி பல மாதம் கழித்து. இடைக்காலத்தில் இருவரும் பேசலாம், வெளியே போகலாம், யாரும் விரல் நீட்ட முடியாது. கல்யாணம் முடித்துவிட்டுக் காதலிப்பது! கேட்க இனிமை. ஆனால் ஒத்துவரவில்லை என்று தெரிந்தால், முறிவது நிச்சயமல்ல, நிக்காஹ். சேர்ந்து வாழுமுன் தலாக் ஆனால் பேசிய மஹரில் பாதியைக் கொடுக்க வேண்டும் என்கிறது குர்ஆன். பெண்ணின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ‘விவாகரத்தானவள்’ என்ற சொல்லுக்கு அந்தப் பாதி ஈடாகாது. நிக்காஹுக்கு முன்பே, வீட்டார் கண்ணெதிரில், இரண்டு மூன்று முறை உட்கார்ந்து பேசவிடுவது இதைவிட மலிவு, மார்க்கத்துக்கும் நெருக்கம்.

இலங்கையில் நிலைமை இன்னும் மோசம். 1951இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி திருமணப் பதிவில் மணமகளின் கையெழுத்தே அவசியமில்லை. வலீ போட்டால் போதும். அதைத் திருத்த 2009இல் நீதிபதி சலீம் மர்சூஃப் தலைமையில் அமைந்த குழு 2018 ஜனவரியில்தான் அறிக்கை கொடுத்தது; அதுவும் இரண்டாகப் பிளந்து. கேரளத்தில் 2022இல் கோழிக்கோடு மாவட்டத்துப் பாறக்கடவு பள்ளிவாசலில் ஒரு மணமகள் தன் நிக்காஹுக்குத் தானே வந்து உட்கார்ந்தார், மஹரை நேரில் வாங்கினார். நாடே பேசியது. சில நாளில் மஹல் கமிட்டி அது தவறாக நடந்துவிட்டது, இனி அனுமதியில்லை என்று அறிவித்தது. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் 2003இல் பெண்களுக்கென்றே ஒரு ஜமாஅத்தைத் தொடங்கியபோது வந்த வழக்குகளில் பல, வரதட்சணை, தலாக் பற்றியவை. கல்யாணத்துக்கு முன் யாரும் கேட்காததைக் கல்யாணத்துக்குப் பின் அங்கே வந்து சொன்னார்கள்.

மாரிகுப்பத்திலும் ஆண்டர்சன்பேட்டையிலும் ராபர்ட்சன்பேட்டையிலும் ஜமாஅத்துகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். மாப்பிள்ளை ஊர்க் கடிதம் கேட்கிறார்களே, அதே நாளில் பெண்ணின் சம்மதத்தையும் கேட்கட்டும். மண்டபம் பேசுமுன், நாள் குறிக்குமுன். வீட்டுப் பெரியவர்கள் இல்லாத ஓர் அறையில். பையனை நீ பார்த்தாயா, பேசினாயா, கைக்கூலி பேசியிருக்கிறார்களா என்று மூன்று கேள்வி. பதிலும் தேதியும் புத்தகத்தில் ஏறட்டும். பையனிடமும் கேட்கலாம். அத்தை மகளைக் கட்டு என்று அம்மா அழுததால் ஒத்துக்கொண்ட மாப்பிள்ளைகளும் குறைவில்லை. நிக்காஹ் நாளில் நடக்கும் ஊர்வலம் பாட்டுக்கு நடக்கட்டும். அப்போது அது ஏற்கெனவே தெரிந்த விடையை ஊர் கேட்கச் சொல்வதாக இருக்கும்.

யார் போய்க் கேட்பது என்பார்கள். பெண்களுக்கான அரபிக் கல்லூரிகளில் ஓதி ஆலிமா பட்டம் வாங்கிய பெண்கள் தமிழகத்திலும் கர்நாடகத்திலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு அவர்களுக்குச் சமூகம் கொடுக்கும் வேலை பெரும்பாலும் சிறுவர்களுக்கு ஓதிக்கொடுப்பது. ஹனஃபி மத்ஹபில் பெண் வக்கீலாகப் போகவும் தடையில்லை. தடை பழக்கத்தில் இருக்கிறது. அதை மாற்ற ஒரு முத்தவல்லி மனது வைத்து, அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தால் போதும்.